கடலுக்கு அடியிலன்னா எந்த அடியில? சீபெட்ங்கிற சொல்ல பத்தி கொஞ்சம் விளக்கமா

மலேசியாவுல பினாங்கு தீவுக்கு எதிர்க்கரைல இருக்குற பட்டர்வொர்த்ல, எங்க வீட்டு முன்னாடி ஒரு நீள மேசை போட்டு சாயங்காலத்துல ஏழெட்டு பசங்களுக்கு டியூஷன் எடுக்குறேன், பெரும்பாலும் இங்கிலீஷ், கொஞ்சம் தமிழ். போன மாசம் ஒரு நாள் சின்ன மொழிபெயர்ப்பு ஒண்ணு குடுத்தேன். "த ஷிப் லைஸ் ஆன் த சீபெட்", இத தமிழ்ல எழுதணும், அவ்ளோதான். ஃபாரம் டூ படிக்கிற ஒரு பொண்ணு "கப்பல் கடலின் படுக்கையில் படுத்திருக்கிறது"ன்னு எழுதி நீட்டினா. பக்கத்துல இருந்த பையன் அத எட்டிப்பாத்துட்டு சிரிச்சிட்டான், "கப்பல் தூங்குதா டீச்சர்?"ன்னு கேட்டான். அவன் என்ன எழுதியிருந்தான்னா "கப்பல் கடலுக்கு அடியில் இருக்கிறது". எந்த டீச்சரா இருந்தாலும் அவனோடதுக்கு சரி போட்டு அவளோடத சுழிச்சிருப்பாங்க, நானும் பேனாவ எடுத்துட்டேன். அப்புறம் கை நின்னு போச்சு. ஏன்னா யோசிச்சு பாத்தா அந்த சொல்லுக்கு கிட்ட போனது அவதான், அவனோட வாக்கியத்துல முக்கியமான ஒண்ணு தொலஞ்சு போயிருக்கு. அன்னைக்கு ராத்திரில இருந்து இந்த ஒரு சொல்ல பிடிச்சுக்கிட்டு இருக்கேன், அதத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல சொல்லோட உடம்ப பாக்கலாம். சீன்னா கடல், பெட்னா படுக்கை, ரெண்டையும் ஒட்டினா சீபெட். கட்டில் மெத்தைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும், ஆனா பெட்ங்கிற சொல்லு பழைய இங்கிலீஷ்லயே படுக்குற இடத்துக்கும் தோட்டத்துல செடி வைக்கிற பாத்திக்கும் சேத்தே இருந்திருக்கு, ஃபிளவர் பெட்னு இன்னைக்கும் சொல்றாங்களே அதுதான். 'தோண்டு'ங்கிற அர்த்தம் உள்ள இன்னும் பழைய வேர்ல இருந்து வந்ததா சொல்றவங்களும் உண்டு, அதாவது மண்ண தோண்டி பள்ளமாக்கி அதுல படுத்த காலத்து சொல்லு. ஆறு, ஏரி, கடல் இதோட அடித்தரைக்கு பெட்னு சொல்ல ஆரம்பிச்சது 16ஆம் நூற்றாண்டு கடைசி வாக்குல. அதனால சீபெட்ங்கிறதுல ரெண்டு படம் இருக்கு. தண்ணி ஒரு பள்ளத்துல படுத்திருக்கு, அந்த பள்ளம் தண்ணிக்கு படுக்கை, இது ஒண்ணு. மேல இருந்து விழுந்த கப்பல், செத்த மீன், ஆறு கொண்டு வந்த வண்டல் எல்லாம் வந்து படுக்குற இடமும் அதுதான், இது இன்னொண்ணு. வெறும் 'கீழ'ன்னு சொல்லுற சொல் இல்ல இது. ஒரு தரை, அதுக்கு மேல ஒண்ணு கிடக்குது, இவ்வளவும் சொல்லுக்குள்ளயே வந்துடுது.

தமிழ்ல இதே கணக்குல ஒரு சொல் ரொம்ப நாளா இருக்கு. படு, படுக்கை, படுகை. ஆத்துப் படுகை, கடல் படுகை. அந்த பொண்ணு ஒரே ஒரு எழுத்துலதான் தவறினா, படுக்கைல ஒரு 'க்' அதிகம். ரெண்டு மொழியும் ஒண்ணையொண்ணு பாக்காமலே தண்ணிக்கு கீழ இருக்குற தரைக்கு படுக்குற சொல்லையே எடுத்திருக்குன்னு தோணுறப்ப எனக்கு உண்மையிலேயே சிலிர்த்துச்சு.

ஆனா படுகைல ஒரு சிக்கல் இருக்கு, அதையும் மறைக்காம சொல்லணும். காவிரிப் படுகைன்னா யாருக்கும் காவிரி ஓடுற மணல் மட்டும் நினைவுக்கு வராது, ஆறு பாயுற மொத்த வயக்காடும்தான் வரும். கிருஷ்ணா கோதாவரிப் படுகைன்னு எரிவாயு செய்தில வர்றது இங்கிலீஷ்ல பெட் இல்ல, பேசின். ஒரே தமிழ்ச் சொல் ரெண்டுக்கும் போகுது. "கடல் படுகையில் எண்ணெய்"னு ஒரு தலைப்பு வந்தா அது அடித்தரைல எண்ணெய் கொட்டி கிடக்குதா, இல்ல அந்த கடல் பகுதியோட பாறைக்குள்ள எண்ணெய் இருக்குதான்னு முழு செய்தியும் படிச்சாத்தான் தெரியும். அதனால சீபெட்டுக்கு கடல்தரை இல்லன்னா கடலடித்தரைன்னு எழுதுறதுதான் குழப்பம் இல்லாம இருக்குன்னு நான் நினைக்கிறேன், கடல் படுகை அழகான சொல்தான், ஆனா அத போடுறப்ப பக்கத்து வாக்கியம் அத தாங்கி பிடிக்கணும்.

இப்ப அந்த பையனோட விடைக்கு வர்றேன், ஏன்னா நாம எல்லாருமே அப்படித்தான் பேசுறோம். கடலுக்கு அடியில. இது மூணு வேற வேற இடத்த ஒரே மூச்சுல சொல்ற சொல். தண்ணிக்குள்ள நீந்துற மீனும் கடலுக்கு அடியிலதான். தரைல கிடக்குற கப்பலும் கடலுக்கு அடியிலதான். தரைக்கும் கீழ பாறைக்குள்ள இருக்குற பெட்ரோலும் கடலுக்கு அடியிலதான். இங்கிலீஷ்ல மூணுக்கும் மூணு வழி. முதலாவது அண்டர்வாட்டர். ரெண்டாவது ஆன் த சீபெட். மூணாவது அண்டர் த சீபெட், இல்ல பினீத் த சீபெட். கூட ஒரு நாலாவதும் உண்டு, இன் த சீபெட், அதாவது தரைக்குள்ள புதைஞ்சு. ஆன், இன், அண்டர், இந்த பொடி சொற்கள் மாறினா பொருள் நிக்கிற இடமே மாறிடும், தமிழ்ல 'அடியில'ன்னு ஒண்ணு போட்டு எல்லாத்தையும் மூடிடுறோம். தமிழுக்கு வழி இல்லாம இல்ல, கடலுக்குள்ள, கடல்தரை மேல, கடல்தரைக்குள்ள, கடல்தரைக்கு கீழன்னு தெளிவா சொல்லலாம், நாம சொல்றதில்ல, அவ்ளோதான்.

பினாங்குல இருக்குறவங்களுக்கு இது வெறும் இலக்கண விஷயம் இல்ல. நம்ம கண் முன்னாடியே மூணுக்கும் உதாரணம் இருக்கு. 1985-ல திறந்த முதல் பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதுல 8.4 கிலோமீட்டர் தண்ணி மேல. 2014-ல திறந்த ரெண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், தண்ணி மேல மட்டும் 16.9. பசங்க கேப்பாங்க, தூண் எல்லாம் சீபெட் மேல நிக்குதான்னு. இல்ல, மேல நிக்கல. அங்க தரைன்னா முதல்ல மெத்து மெத்துன்னு சேறு, அது பாலத்த தாங்காது, அதனால அந்த சேத்த துளைச்சுக்கிட்டு கீழ கெட்டியான அடுக்கு வர்ற வரைக்கும் பைல், அதாவது நீளமான அடித்தூண், இறக்கணும். அதாவது தூண் தண்ணி வழியா போயி, சீபெட் வழியா போயி, சீபெட்டுக்கு கீழ போயி உக்காந்திருக்கு. இங்க ஆன் த சீபெட்னு எழுதினா இஞ்சினியருக்கு வயிறு கலங்கும்.

அடுத்தது தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவுல போடலாம்னு பல வருஷமா பேசின சுரங்கப் பாதை. மலாய் பேப்பர்ல அதுக்கு பேரு தெரோவோங் டாசார் லாவுட். டாசார்னா அடித்தளம், லாவுட்னா கடல், அதனால டாசார் லாவுட்ங்கிறது சீபெட்டேதான். டாசாருக்கு கொள்கைங்கிற அர்த்தமும் இருக்கு, டாசார் எக்கோனோமி பாருங்கிற புதிய பொருளாதாரக் கொள்கைல வர்றதும் அதே டாசார்தான், எதுக்கும் அடில இருந்து தாங்குறது டாசார். தமிழ்ல அந்த சுரங்கத்த "கடலுக்கு அடியில் செல்லும் பாதை"ன்னுதான் எல்லாரும் சொன்னோம். இதுல ரெண்டு வகை உண்டுங்கிறது நிறைய பேருக்கு தெரியாது. ஒண்ணு, மெஷின வச்சு கடல்தரைக்கு கீழ குடைஞ்சுக்கிட்டே போறது, அது அண்டர். இன்னொண்ணு, கடல்தரைல நீளமா ஒரு பள்ளம் வெட்டி, கரைல தயார் பண்ணின பெரிய பெரிய குழாய் துண்டுகள மிதக்க விட்டு கொண்டு வந்து அதுல இறக்கி மேல மூடுறது, அது இன். ரெண்டாவது வகைல தரைய நேரடியா கிண்டியாகணும், சேறு கலங்கும், மீனவங்களுக்கும் நண்டு இறாலுக்கும் பாதிப்பு வேற மாதிரி. கடலுக்கு அடியில வரப்போகுதுன்னு சொல்லிட்டா எந்த வகைன்னு யாரும் கேக்கவே மாட்டாங்க. 'இன்' வகையா 'அண்டர்' வகையான்னு ஒரு கேள்வி கேட்டா பேச்சே வேற பக்கம் போகும்.

மூணாவது கேபிள். நாம வாட்சப்ல ஊர்ல இருக்குற சொந்தக்காரங்களோட பேசுறது வானத்துல சேட்டிலைட் வழியா போகுதுன்னு இன்னும் நிறைய பேர் நம்புறாங்க, ஆனா நாடு விட்டு நாடு போற இண்டர்நெட்ல பெரும்பகுதி போறது கடல்தரைல கிடக்குற கேபிள்லதான். பினாங்கு அதுக்கு ஒரு முக்கியமான இறங்குதுறை. சேஃப்னு ஒரு கேபிள் தென்னாப்பிரிக்காவுல புறப்பட்டு மொரிஷியஸ், ரீயூனியன், கொச்சி எல்லாம் தொட்டு பினாங்குல வந்து கரை ஏறுது. நடுக்கடல்ல ஆழமான இடத்துல அது தோட்டத்துக்கு தண்ணி பாய்ச்சுற ஹோஸ் பைப் கனம்தான் இருக்கும், சும்மா தரை மேல கிடக்கும், அங்க அத யாரும் தொட மாட்டாங்க. கரைக்கு கிட்ட வர்றப்பதான் ஆபத்து, நங்கூரம் இழுக்கும், இழுவை வலை மாட்டும், அதனால அங்க கவசம் சுத்தி தரைக்குள்ள புதைச்சுடுவாங்க. ஒரே கேபிள், நடுக்கடல்ல ஆன் த சீபெட், கரைகிட்ட இன் த சீபெட்.

இந்த கேபிள் கதைய இன்னும் கொஞ்சம் பின்னாடி போய் பாக்கணும், நமக்கு நெருக்கமான கதை இது. 1870-71 வாக்குல மெட்ராஸ்ல இருந்து பினாங்குக்கும் அங்கேருந்து சிங்கப்பூருக்கும் வங்கக் கடல் தரைல தந்தி கேபிள் போட்டாங்க. அந்த காலத்துல நம்ம ஆளுங்க கப்பல் ஏறி நாகப்பட்டினத்துல இருந்து இங்க வர நாள் கணக்கா ஆகும், அவங்க கப்பல் போன அதே கடலோட தரைல கரும்பு விலையும் கப்பல் வர்ற சேதியும் நிமிஷக் கணக்குல ஓட ஆரம்பிச்சுடுச்சு. செம்பு கம்பிய உப்புத் தண்ணில சும்மா போட்டா மின்சாரம் கசிஞ்சுடும், அதுக்கு மேல ஒரு உறை வேணும், குளிர்லயும் அழுத்தத்துலயும் கெடாத உறை. அது எங்க கிடைச்சுதுன்னா இந்த மலாயா காட்டுல. கட்டா பெர்ச்சான்னு இங்கிலீஷ்ல சொல்றாங்களே, அதோட முதல் பாதி மலாய் கெத்தா, அதாவது மரத்துப் பால், பிசின். தோட்டத்துல வேலை பார்த்த நம்ம தாத்தா பாட்டி கித்தா மரம், கித்தா தோட்டம்னு சொல்லுவாங்களே, அந்த கித்தாவும் இதே கெத்தாதான், மரம்தான் வேற. சூடு பண்ணினா குழையும், ஆறினா இறுகும், கடல்தரையோட குளிர்ல வருஷக்கணக்கா அப்படியே இருக்கும். உலகத்து கடல்தரை பூரா தந்தி ஓடணும்னு அந்த மரங்கள காடு காடா வெட்டிப் போட்டாங்க, ஒரு மரத்துல கிடைக்கிற பால் கொஞ்சம்தான், அதுக்காக முழு மரத்தையே சாய்ச்சாங்க.

கேபிள் போடணும்னா ஆழம் தெரியணும், தரை எப்படிப்பட்டதுன்னும் தெரியணும். ஒலிய அனுப்பி ஆழம் அளக்குற சோனார் எல்லாம் வர்றதுக்கு முன்னாடி கயித்துல ஈயக் குண்டு கட்டி இறக்கி அளப்பாங்க. அந்த குண்டோட அடில ஒரு குழி இருக்கும், அதுல மாட்டுக் கொழுப்ப அப்பி விடுவாங்க, குண்டு தரைய தொட்டதும் கொழுப்புல மணலோ சேறோ சிப்பித் துண்டோ ஒட்டிக்கிட்டு மேல வரும், ஒண்ணும் ஒட்டாம வந்தா பாறைன்னு அர்த்தம். அத பாத்துதான் கடல் வரைபடத்துல எஸ் போட்டா மணல், எம் போட்டா சேறு, ஆர் போட்டா பாறைன்னு குறிப்பாங்க, இன்னைக்கும் அந்த எழுத்துங்க மாறல. நங்கூரம் போடுறவனுக்கு அந்த ஒரு எழுத்துதான் உசுரு, சேத்துல நங்கூரம் கவ்வும், வழுக்குப் பாறைல கவ்வாது.

ஆழத்துக்கு அளவு ஃபேதம், 6 அடி. ஃபேதம்ங்கிறது பழைய இங்கிலீஷ்ல ரெண்டு கையையும் விரிச்ச அகலம். தமிழ் மீனவங்க கயித்த கை விரிச்சு அளந்து பாகம்னு சொல்லுவாங்க, பத்து பாகம் தண்ணின்னா பத்து ஃபேதம். மலாய் மீனவங்க டெபான்னு சொல்லுவாங்க, அதுவும் கை விரிச்ச அகலம்தான். மூணு மொழிக்காரங்களும் கண்ணுக்கு தெரியாத ஒரு தரைய தங்களோட கை விரிச்ச அகலத்தால அளந்திருக்காங்க. இங்கிலீஷ்ல ஐ கான்ட் ஃபேதம் இட்னா 'எனக்கு விளங்கல'ன்னு அர்த்தம், அதாவது கயிறு தரைய தொடல. பசங்களுக்கு இத சொன்னப்ப அந்த சிரிச்ச பையன் எழுந்து நின்னு ரெண்டு கையையும் விரிச்சு சுவத்துல வச்சு பாத்தான்.

தமிழ்ல கடல்தரைக்கு சொல் பஞ்சம்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். பொதுவான ஒரே சொல் வலுவா இல்ல, அது உண்மை. ஆனா வகைக்கு வகை சொல் இருக்கு. மன்னார் வளைகுடால பார்னா கடலுக்குள்ள கிடக்குற பாறைத்திட்டு, முத்துச் சிப்பி வளர்ற இடம் முத்துப் பார், தூத்துக்குடி பக்கம் தொல்லாயிரம் பார்னு ஒண்ணுக்கு பேரே உண்டு. இங்கிலீஷ்காரன் அத பேர்ல் பேங்க்னு எழுதினான், சில இடத்துல ஓய்ஸ்டர் பெட்னு எழுதினான், பாருங்க அங்கயும் பெட். கிணத்தோட அடிக்கு தூர், அதுல சேர்ற மண்ண எடுத்தா தூர்வாரறது, மண்ண போட்டு மூடினா தூர்க்கறது, ஒரே வேர்ல இருந்து எதிர் எதிர் வேலை. பினாங்குல கடல தூர்த்து நிலமாக்குறதுக்கும் வேற எங்கயோ கடல்தரைல மணல் வாரணும், அந்த ரெண்டும் ஒரே வேலையோட ரெண்டு முனைன்னு தமிழ்லதான் சொல்லுலயே தெரியுது. நம்ம ஊரு கெராங்ங்கிற சிப்பி கூட சேத்துத் தரைக்குள்ளதான் வளருது, ஜூரு பக்கம் இருக்குறவங்களுக்கு தெரியும், இங்கிலீஷ்ல அதுக்கும் காக்கிள் பெட்.

சரி, சீபெட், சீ ஃப்ளோர், ஓஷன் ஃப்ளோர், சீ பாட்டம், இதுக்குள்ள வித்தியாசம் என்ன? நாலும் ஏறக்குறைய ஒரே இடம்தான், ஆனா யாரு எங்க நின்னு பேசுறாங்கங்கிறத பொறுத்து மாறும். சீபெட் சட்டத்துல, எண்ணெய் துரப்பணத்துல, கேபிள்ல, பிரிட்டிஷ் பேப்பர்ல அதிகம். சீ ஃப்ளோர் புவியியல்காரங்க சொல், அமெரிக்கால அதிகம். சீ ஃப்ளோர் ஸ்ப்ரெடிங்னு ஒரு கோட்பாடு இருக்கு, கடல்தரை நடுவுல பிளந்து ரெண்டு பக்கமும் விரியுதுங்கிறது, 1960களோட ஆரம்பத்துல ஹாரி ஹெஸ்ஸும் ராபர்ட் டீட்ஸும் சொன்னது, அத யாரும் சீபெட் ஸ்ப்ரெடிங்னு சொல்றதில்ல. ஓஷன் ஃப்ளோர்னா மனசுல ஆழம் வரும், ஆயிரக்கணக்கான மீட்டர், இருட்டு. மேரி தார்ப்பும் புரூஸ் ஹீசனும் சேந்து 1977-ல வெளியிட்ட உலகக் கடல்தரை வரைபடத்துக்கு ஓஷன் ஃப்ளோர்ங்கிற சொல்தான் பொருந்துது. தார்ப் 1950கள்ல அட்லாண்டிக் நடுவுல பிளவுப் பள்ளத்தாக்கு இருக்குன்னு கண்டுபிடிச்சு சொன்னப்ப பொம்பளப் பேச்சுன்னு முதல்ல தள்ளிட்டாங்க, அப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க, இத என்கிட்ட படிக்கிற பொண்ணுங்க கிட்ட கண்டிப்பா சொல்லுவேன். சீ பாட்டம் பேச்சு வழக்கு. பினாங்கு ஜலசந்தி மாதிரி ஆழமில்லாத இடத்துக்கு ஓஷன் ஃப்ளோர்னு எழுதினா கேக்க பொருத்தமா இருக்காது, சீபெட்தான் சரி. மலாக்கா ஜலசந்தியோட தென்பகுதில ஆழம் பெரும்பாலும் 27 மீட்டர் வாக்குலதான், 37-ஐ தாண்டுறது குறைவு, வடக்க போகப் போக இறங்கி அந்தமான் கடல் பக்கம் 200 மீட்டர் வரைக்கும் போகும்.

நம்ம நாட்டுல சாதாரண வீட்டுக்குள்ள சீபெட்ங்கிற சொல் நுழைஞ்சது 2014-லதான்னு நான் நினைக்கிறேன். மார்ச் 8-ஆம் தேதி கோலாலம்பூர்ல இருந்து பெய்ஜிங்குக்கு 239 பேரோட கிளம்பி காணாம போன எம்எச்370 விமானம். முதல்ல கொஞ்ச வாரம் செய்தில கடல் மேற்பரப்புல தேடுறாங்கன்னு சொன்னாங்க, மிதக்குற பொருள் ஏதாவது கிடைக்குமான்னு. அப்புறம் ஒரு நாள் சொல் மாறிச்சு. சீபெட் சர்ச். கோலாலம்பூர்ல எங்க அக்கா வீட்ல அன்னைக்கு டிவி முன்னாடி உக்காந்திருந்தோம், அந்த சொல் மாறினதுமே அக்கா "அப்ப முடிஞ்சுதா"ன்னு மெதுவா கேட்டாங்க. சீபெட்னு சொன்னா அது மிதக்கல, கிடக்குதுன்னு அர்த்தம், அக்காவுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, ஆனா அந்த பெட்ல இருக்குற கனம் அவங்களுக்கு புரிஞ்சுடுச்சு.

ஆஸ்திரேலியா முன்னின்று நடத்தின அந்த தேடல் 2017 ஜனவரில நிறுத்துற வரைக்கும் 120,000 சதுர கிலோமீட்டர் கடல்தரைய அலசினாங்க, நம்ம தீபகற்ப மலேசியாவே சுமார் 132,000தான். 2018-ல ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் இன்னும் 112,000-க்கு மேல தேடிச்சு. தேடுறதுக்கு முன்னாடி முதல்ல அந்த தரைக்கு வரைபடமே போட வேண்டியிருந்துச்சு, ஏன்னா அங்க எங்க மலை எங்க பள்ளம்னு சேட்டிலைட் சொன்ன தோராயமான கணக்கு மட்டும்தான் இருந்துச்சு. அந்த தேடல்ல 19ஆம் நூற்றாண்டு கப்பல் ரெண்டு கிடைச்சுது, நூறு வருஷத்துக்கு மேல யாருக்கும் தெரியாம அங்க கிடந்திருக்கு. உலகத்து மொத்த கடல்தரைல நேரடியா அளந்து வரைஞ்சது இன்னைக்கும் கால் பங்குக்கு கொஞ்சம் மேலதான். 2017-ல தொடங்கின சீபெட் 2030ங்கிற திட்டம் மீதிய முடிக்கப் பாக்குது, அது ஆரம்பிச்சப்ப 6 சதவீதம் தான் இருந்துச்சு.

சட்டத்துல இந்த சொல் எவ்வளவு ஜாக்கிரதையா வருதுங்கிறதையும் சொல்லியாகணும். 1971 ஒப்பந்தம் ஒண்ணு, அணு ஆயுதங்கள கடல்தரைல வைக்கக் கூடாதுன்னு. அதோட பேர்லயே சீபெட் மேலயும் ஓஷன் ஃப்ளோர் மேலயும், அதுக்கு கீழ உள்ள மண்ணுக்குள்ளயும்னு வருது, மேலன்னு ஒரு சொல், உள்ளன்னு ஒரு சொல். மேல வைக்கலயே, புதைச்சுத்தானே வச்சோம்னு யாரும் வாதாட முடியாதபடி கட்டி வச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி 1967-ல மால்டா தூதர் ஆர்விட் பார்டோ ஐநா சபைல பேசி, எந்த நாட்டுக்கும் சேராத கடல்தரை மனுஷ குலத்துக்கே பொதுச் சொத்துன்னு ஆக்கணும்னு கேட்டார். 1982 கடல் சட்ட உடன்படிக்கைல அது வந்துச்சு, அந்த பொதுக் கடல்தரைக்கு அங்க பேரு வெறும் 'த ஏரியா'. அத பாத்துக்க ஜமைக்கால கிங்ஸ்டன் நகரத்துல இண்டர்நேஷனல் சீபெட் அதாரிட்டி 1994-ல இருந்து இருக்கு. மலேசியா அந்த உடன்படிக்கைல 1996-ல சேந்துச்சு, ஆனா கரைய ஒட்டி கடலுக்குள்ள நீளுற தரைய பத்தின நம்ம கண்டத்திட்டு சட்டம் 1966லயே சீபெட்டையும் அதுக்கு கீழ உள்ள மண்ணையும் சேத்தே சொல்லிடுச்சு, அப்ப நடுவுல சின்ன கோடு போட்டு சீ-பெட்னு எழுதுவாங்க. எண்ணெய் எல்லாம் இருக்குறது அந்த 'கீழ உள்ள மண்ணு'லதானே.

இப்ப சண்டை டீப் சீபெட் மைனிங் பத்தி. பசிபிக்ல 4,000ல இருந்து 6,000 மீட்டர் ஆழத்துல உருளைக்கிழங்கு மாதிரி உலோக உருண்டைங்க தரை மேல கிடக்குது, நிக்கல், கோபால்ட், மாங்கனீஸ். பத்து லட்சம் வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்தான் வளரும். இந்தியாவுக்கும் இந்தியப் பெருங்கடல் நடுவுல 75,000 சதுர கிலோமீட்டர் ஆய்வுக்கு ஒதுக்கியிருக்கு, சென்னைல இருக்குற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் (என்ஐஓடி) 6,000 மீட்டர் இறங்குற மத்ஸ்யா 6000ங்கிற மூணு பேர் கலத்த உருவாக்குது. இங்க மைனிங்னு சொன்னதும் நாம ஈப்போ ஈய லம்பம், அதாவது ஈயச் சுரங்கம் மாதிரி தோண்டுறதத்தான் நினைக்கிறோம், ஆனா இந்த உருண்டைங்க ஆன் த சீபெட், தோண்ட வேண்டாம், வழிச்சு எடுக்கணும். வழிக்கிறப்ப மேல் தரையே போயிடும், அந்த மேல் தரைலதான் உயிர் எல்லாம் இருக்கு. எனக்கு இதுல ஒரு பக்கம்தான், கோடிக்கணக்கான வருஷம் ஆகி உருவானத சரியா தெரிஞ்சுக்காம வழிச்சுட கூடாது.

எழுதுறப்ப கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். ஒரே சொல்லா எழுதணும், சீ தனி பெட் தனின்னு இப்ப அவ்வளவா எழுதுறதில்ல. முன்னாடி த கட்டாயம், நம்ம ஊர்ல பசங்க ஆன் சீபெட்னு த இல்லாம விட்டுடுறாங்க. பன்மை ரொம்ப அபூர்வம். சொல்றப்ப சீல அழுத்தம் குடுங்க, பெட்டுன்னு சட்டுனு முடியணும், இழுத்தா சீபேர்ட் ஆகி கடல் பறவை பறந்துடும்.

கடைசியா ஒரு கேள்வி அந்த பொண்ணுகிட்ட இருந்தே வந்துச்சு. முதல் பாலத்துல போறப்ப தண்ணி வத்துற நேரத்துல ஒரு பக்கமா சேத்துத் திட்டு தெரியும், மிடில் பேங்க்னு சொல்லுவாங்க, கடல் புல் வளர்ற இடம், இங்கிலீஷ்ல சீகிராஸ் பெட். "டீச்சர், தண்ணி இல்லாதப்ப அது சீபெட்டா இல்ல தரையா?"ன்னு கேட்டா. சட்டத்துல ஓதம் வத்தி நிக்கிற கோட்டுக்கும் கரைக்கும் நடுவுல தெரியுற இடம் ஃபோர்ஷோர், அந்த கோட்டுக்கு அந்தாண்டதான் சீபெட். ஆனா அவ கேட்டது அத விட பெரிய கேள்வி. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி கடல் மட்டம் இப்ப இருக்குறத விட 120 மீட்டர் கிட்ட கீழ இருந்துச்சு, பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் நடுவுல நடந்தே போயிருக்கலாம், இன்னைக்கு நாம சீபெட்னு சொல்ற இடத்துல காடும் ஆறும் இருந்திருக்கு. அப்ப அங்க இருந்தது ரிவர் பெட். அவளோட நோட்டுல படுக்கைய படுகைன்னு மட்டும் திருத்தி சரி போட்டேன், படுத்திருக்கிறதுங்கிறத அப்படியே விட்டுட்டேன். பையனோட வாக்கியத்துக்கு பக்கத்துல "எந்த அடியில?"ன்னு எழுதி குடுத்தேன், அடுத்த வாரம் "கப்பல் கடல்தரை மேல் கிடக்கிறது"ன்னு எழுதிக்கிட்டு வந்தான்.